வறட்சிக்கு முன்னரே பயிரைப் பழக்குதல்

பட்டிப்பொல புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,890 மீற்றர் உயரத்தில் அமைந்தது. இலங்கையில் அதனினும் உயர்ந்த புகையிரத நிலையம் வேறில்லை. மழைக்கும் மூடுபனிக்கும் பெயர்பெற்ற அம்மலைப்பகுதியிலும் தை முதல் பங்குனி வரை மழை குன்றுவதும், பகலில் வெயிலும் சில இரவுகளில் உறைபனியும் மரக்கறிப் பயிரை வாட்டுவதும் உண்டு. அக்காலத்தில் கமக்காரர் முதலில் நாடுவது நீரிறைக்கும் இயந்திரத்தையே. பயிரின் வேரைப் பற்றி எண்ணுவோர் சிலரே. இந்நிலை மாறுதல் வேண்டும். வறட்சியைத் தாங்கும் ஆற்றல் பயிரிடத்தே இயல்பாக அமைந்துள்ளது. அதனைக் கெடாது காத்தலே முதற் கடமை. நீரிறைத்தல் அதற்கு அடுத்ததே.

தாவரங்கள் வறட்சியை மூவகையாக எதிர்கொள்கின்றன. முதலாவது, வறட்சி முற்றுமுன் விளைந்து முடிதல். பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி 250 எனும் நெல்லினம் ஏறத்தாழ 80 நாட்களில் முதிர்வதால், நீர் குறைந்த போகத்துக்கு ஏற்றதாகின்றது. இரண்டாவது, உள்ள நீரைச் சிக்கனமாகச் செலவிடுதல். மண் உலரத் தொடங்கியதும் செடியில் அப்சிசிக்கமிலம் எனும் பொருள் மிகுந்து, இலைவாய்களை மூடச் செய்கின்றது. நெல்லின் இலை சுருள்வதும், கோவா இலைமேல் வெண்மெழுகு படிந்திருப்பதும் நீரிழப்பைக் குறைக்கவே உதவுகின்றன. மூன்றாவது, வாடியும் மாளாதிருத்தல். பத்தனைப் புல்லின் மேற்பகுதி காய்ந்து கருகினும், அடிப்பகுதி உயிரோடிருந்து முதல் மழையில் மீண்டும் தளிர்ப்பதைக் காணலாம்.

எனினும், இலைவாயை மூடுவதால் நட்டமும் உண்டு. நீராவி வெளிச்செல்லும் அவ்வாயில் வழியாகவே காபனீரொட்சைட்டு உட்செல்கின்றது. வாயில் மூடின் உணவு தயாரித்தல் குன்றும், விளைச்சலும் குறையும். ஆதலின், பட்டினியிருந்து உயிர்காக்கும் பயிரிலும், ஆழ வேரூன்றி நீர் தேடும் பயிரே கமக்காரருக்குப் பயன் தருவதாகும்.

அவ்வேரைக் கெடுப்பவை பெரும்பாலும் நற்கருத்துடன் செய்யப்படும் செயல்களே. நாள்தோறும் சிறிதளவு நீர் தெளிப்பின் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் அங்கேயே படர்ந்துவிடும். பின்னர் ஒரு வாரம் நீர் தடைப்படினும் அப்பயிர் வாடிவிடும். யூரியாவை மிகுதியாக இடின் இலை பெருக்குமளவுக்கு வேர் பெருகாது. பெருத்த இலையோ நீரை மேலும் செலவிடும். நாற்றுமேடையில் நிழலும் நீரும் குறையாது வளர்ந்த கோவா நாற்று, திறந்த பாத்தியின் வெயிலைத் தாங்காது துவளும்.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். உருளைக்கிழங்கும் லீக்ஸும் பத்தனைப் புல் அல்ல. அவற்றுக்கு நீர் குறைப்பின் நட்டமே மிஞ்சும் என்பது அவர் வாதம். அதில் உண்மையுண்டு. இவ்விரண்டும் மேலோட்டமாக வேர்விடும் பயிர்கள். கிழங்கு பிடிக்கும் பருவத்தில் உருளைக்கிழங்குக்கு நீர் குறைதல் கூடாது. அவ்வாறே நெல் பூக்கும் பருவத்தில் நீர் குன்றின் மணிகள் பதராகும். ஆகவே, எப்பருவத்திலும் நீரை மறுத்தல் முறையன்று; நீர் கட்டாயமாகும் பருவத்துக்கு அதனை மீத்து வைத்தலே முறையாகும்.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. நடுவதற்கு முந்திய வாரத்தில், நாற்று வாடாத அளவிற்கு நீரைப் படிப்படியாகக் குறைத்து வெயிலுக்குப் பழக்குக. மண்ணை ஆழக் கிளறிக் கூட்டெருவை நிறைய இடுக. ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்து, அது உலரத் தொடங்கிய பின்னரே நீர் விடுக. விடுங்கால் சரிவில் ஓடிவிடாதபடி மெதுவாக, வேர்மட்டம் நனையுமாறு விடுக. உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் மண் உலருமுன்னரே அளவோடு நீர் தருதல் வேண்டும். மானாப்புல் முதலியவற்றால் பாத்தியை மூடுக. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி மழைநீரைத் தேக்குக.

இவ்விடயம் ஒரு தோட்டத்தின் விளைச்சலோடு முடிவதன்று. பட்டிப்பொலவை அடுத்த ஹோட்டன் சமவெளியிலிருந்து மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் செல்கின்றது. மலைநாட்டு ஓடையில் வீணாக இறைக்கப்படும் நீர், கீழ்நாட்டு வயலொன்றின் பங்காகும். 2016 இலும் 2017 இலும் நேர்ந்த கடும் வறட்சியில் நாட்டின் நெற்செய்கை பெரிதும் குன்றியதைக் கமக்காரர் மறந்திருக்கமாட்டார். மேல்நாட்டு மரக்கறிக் கமக்காரரும் கீழ்நாட்டு நெற்கமக்காரரும் ஒரே நீரை நம்பி வாழ்பவர்கள். மழை பெய்யும் நாட்களிலேயே வேரை வளர்த்துக்கொள்பவர், வெயில் நாட்களில் தம் பயிரையும் அயலவர் பயிரையும் ஒருங்கே காத்தவராவார்.