பழைய அம்பாசிடருக்குப் புது டிஸ்ட்ரிபியூட்டர் தேவையா? பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

பிள்ளையார்பாளையத்தில் தறியில் ஒரு பாவு இழை அறுந்தால், நெசவாளர் அந்த இழையை எடுத்து முடிந்துவிட்டு வேலையைத் தொடர்வார். தறியை மாற்ற மாட்டார். ஆனா, அதே தெருவில் நிற்கும் தாத்தா காலத்து பெட்ரோல் அம்பாசிடர் மிஸ்ஸிங் அடித்தால் மட்டும், ‘டிஸ்ட்ரிபியூட்டரையே மாத்திடலாம்’னு உடனே முடிவாகிடுது. இந்த அவசரம் செலவோடு நிற்காது, இன்ஜினையும் பாதிக்கலாம்.

அது செய்யும் வேலை என்ன?

காயில் தரும் உயர் மின்னழுத்தத்தைச் சரியான நேரத்தில் சரியான பிளக்குக்கு அனுப்புவதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 100 ஸ்பார்க்! வேகம் கூடக் கூட ஸ்பார்க் இன்னும் முன்னதாக வரணும். அதைப் பார்த்துக்கொள்வது உள்ளே இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும்.

சிக்கலே இங்கதான். அந்த ஸ்பிரிங்கின் இழுவிசை ஒவ்வொரு இன்ஜினுக்கும் வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அளவும் பொருந்தும். ஆனா ஸ்பார்க் ரொம்ப முன்னால வந்தா நாக்கிங் அடித்து பிஸ்டன் வரை சேதமாகும். தாமதமானால் பிக்கப் போகும், இன்ஜின் சூடாகும், பெட்ரோலும் குடிக்கும்.

முதல்ல செக் பண்ணுங்க

* இன்ஜினை ஆஃப் செய்து, கேப்பைக் கழற்றி, ரோட்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. ஆடினால் புஷ் தேய்ந்திருக்கு. பாயிண்ட் இடைவெளி (லூகாஸ் 25டி4 மாடலில் 0.35 முதல் 0.40 மி.மீ.) நிலையா நிற்காது.
* ரோட்டர் சுழலும் திசையில் லேசாகத் திருப்பி விடுங்க. தானாகவே பழைய இடத்துக்கு வரணும்.
* வேக்வம் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளே இருக்கும் தட்டு நகரணும்.

புஷ் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல லேத் பட்டறையில் புதுசா போட்டுடலாம். பாயிண்ட் தொல்லை வேண்டாம்னா, பழைய பாடிக்குள்ளேயே எலெக்ட்ரானிக் மாட்யூல் பொருத்தலாம். ஆனா தளர்ந்த ஸ்பிரிங்கை அது சரி செய்யாது. சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் என்பதால், அதையும் கேட்டுத்தான் வாங்கணும். மாட்யூல் நடுவழியில் நின்றால் அங்கேயே சரி பண்ண முடியாது. கழற்றிய பாயிண்ட்டும் கண்டன்சரும் டேஷ்போர்டில் இருக்கட்டும்.

மாத்தித்தான் ஆகணுமா?

பழைய பாடியில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு ஜி.பி. ரோடுக்கோ புதுப்பேட்டைக்கோ போங்க. ‘அம்பாசிடருக்கு ஒண்ணு கொடுங்க’ என்றால் போதாது. எண், சுழலும் திசை, அடியில் இன்ஜினோடு இணையும் அமைப்பு மூன்றும் பொருந்தணும். மாட்டிய பிறகு டைமிங் லைட் வைத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீங்க.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஒரிஜினல் பாகங்கள் இனி குறையத்தான் செய்யும். அதனால கழற்றிய பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் காயலான் கடையில் மட்டும் போட்டுடாதீங்க!