மலிவு மண்டபமும் இலவசப் பிரதியும்

வெளிநாட்டில் வாழும் எம்மவர் புத்தகம் வாங்குவதில்லை என்று ஊரிலுள்ள எழுத்தாளர்கள் சிலர் அடிக்கடி குறைப்படுகிறார்கள். இது உண்மையல்ல. பல வருடங்களாக அமீரகத்தில் தொழில் பார்க்கும் நான் சொல்கிறேன்: எம்மவர் புத்தகம் வாங்குகிறார்கள், பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். எதை வாங்குகிறார்கள், எதற்கு விலை கொடுக்க மறுக்கிறார்கள் என்பதுதான் எனது வழக்கு.

2018 ஒக்டோபரில் மலேசியாவின் ‘பிக் பேட் வுல்ப்’ மலிவுப் புத்தக விற்பனை முதன்முறையாக டுபாய்க்கு வந்தது. 2009 இல் மலேசியாவில் ஆரம்பித்த இவ்விற்பனை 2017 இல் கொழும்புக்கும் வந்துபோனதை வாசகர்கள் அறிவார்கள். டுபாய் ஸ்டூடியோ சிட்டியில், படப்பிடிப்புக்கெனக் கட்டிய மண்டபங்களில், 30 இலட்சம் புத்தகங்கள் என்று விளம்பரம். இரவு பகலாகத் திறந்திருந்தது. அங்கே எம்மூர் முகங்கள் பலவற்றைக் கண்டேன். பிள்ளைகளுக்கான படப் புத்தகங்கள், சமையல் குறிப்புகள், உடல் மெலிய வழி சொல்லும் நூல்கள், பெயரே கேள்விப்படாதவர்களின் தடித்த நாவல்கள் எல்லாம் ட்ரொலிகளில் குவிந்தன. விலைச்சீட்டைப் பார்த்த அளவுக்கு உள்ளே ஒரு பந்தியையேனும் வாசித்துப் பார்த்தவர்கள் குறைவு. நான் சுற்றிய மேசைகளில் தமிழ்ப் புத்தகம் ஒன்றையும் காணவில்லை. நானும் ஐந்து நாவல்கள் வாங்கினேன். அதில் எனக்கு வெட்கமில்லை. நல்ல நூல் மலிவாகக் கிடைத்தால் வாங்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். லண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரும் பதிப்பகங்கள் ஒரு நூலைப் பல்லாயிரக்கணக்கில் அச்சிடுகின்றன. அதிகம் அச்சிட்டால் ஒரு பிரதிக்கான செலவு குறையும். விற்காதவற்றைக் கடைகள் திருப்பி அனுப்பலாம். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவில் வேரூன்றிய வழக்கம் இது. திரும்பி வந்தவை களஞ்சியத்தில் கிடந்தால் செலவு. 1979 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ‘தோர் பவர் டூல்’ வழக்கில் வழங்கிய தீர்ப்பின் பின்னர், விற்காத சரக்கை வைத்துக்கொண்டே அதன் பெறுமதியைக் கணக்கில் குறைத்து வரிச் சலுகை பெறுவதும் கடினமாயிற்று. ஆகவே எஞ்சிய பிரதிகளைக் கூழாக்குகிறார்கள், அல்லது மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். அத்தகைய சில பிரதிகளின் தாள் விளிம்பில் ஒரு மைக் கோடு இருக்கும். அதை மீண்டும் முழு விலைக்குத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. இப்படி அடக்க விலைக்கும் கீழே போகும் பிரதிக்கு எழுத்தாளருக்கு உரிமைப் பணம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஆக, அந்த மலிவு யாருடைய தாராள மனமும் அல்ல. நிறைந்த சஹனில் மிஞ்சிய சோறு அது. முழு விலை கொடுத்த வாசகர்கள் அந்தத் தொழிலை முன்னமே சுமந்துவிட்டார்கள். அதனால்தான் எங்கள் கைக்கு அது மலிவாக வருகிறது.

எமது சஹனில் என்ன மிஞ்சுகிறது? எம்மவர் ஒருவர் நூல் போட்டால் 300 பிரதிகள், 500 பிரதிகள். 1000 அச்சிட்டால் அவர் துணிச்சல்காரர். அச்சகத்துக்குப் போவது அவரது சம்பளம், சீட்டுக்காசு, சிலவேளை மனைவியின் காப்பு. 2022 மார்ச்சில் நாட்டில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சையே பிற்போடப்பட்டது. அத்தகைய நெருக்கடிகளையும் தாண்டி ஒரு கவிதைத் தொகுதி வந்தால் எம்மவர் கேட்பது என்ன? “நானா, புத்தகம் போட்டீங்களாமே, நமக்கொண்டு தரல்லியே?” மலிவு மண்டபத்தில் 300 திர்ஹம் கொடுத்துவிட்டு வந்த அதே நண்பர்தான் இதைக் கேட்கிறார். வெளியீட்டு விழாவில் முதற் பிரதியைப் புரவலர் பெற்றுக்கொண்டால் போதும், மற்றையோரின் கடமை முடிந்துவிட்டது என்பது எம்மிடையே எழுதாச் சட்டமாகிவிட்டது.

“தரமிருந்தால் வாங்குவோம்” என்பார்கள் சிலர். மண்டபத்தில் ட்ரொலியை நிரப்பியபோது இந்தத் தராசு எங்கே இருந்தது? சித்திலெவ்வையின் அஸன்பேயுடைய கதை வெளிவந்தது 1885 இல். கல்ஹின்னைக் கிராமத்திலிருந்து எஸ்.எம். ஹனிபாவின் தமிழ் மன்றம் நூல்களை வெளியிட்டது. தரம் பேசுவோரின் வீட்டு அலுமாரியில் இவற்றில் ஒன்றேனும் உண்டா?

“எங்கே வாங்குவது? இங்கே கிடைப்பதில்லையே” என்பது இன்னொரு பதில். இதில் பாதி உண்மை. எழுத்தாளரின் வீடே எமது புத்தகக் கடை. விலைப்பட்டியல் இல்லை, தபாற் செலவு எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. போதாக்குறைக்கு, பணமும் பதவியும் உள்ளவர்களைத் தேடிப் போய்க் கையொப்பமிட்டுக் கொடுக்கிறார் எழுத்தாளர். வாங்கும் வசதியுள்ளவருக்கு இலவசம், கேட்கக் கூச்சப்படும் ஆசிரியருக்கு முழு விலை. இந்த வழக்கத்தை எழுத்தாளர்களே நிறுத்த வேண்டும்.

ஆனால் மற்றப் பாதி வெறும் சாட்டு. இங்கிருந்து ஊருக்குப் பால்மாவும் பிளாங்கட்டும் கார்கோவில் போகின்றன. ஊரிலிருந்து தொதலும் மாசிக்கருவாடும் வருகின்றன. விடுமுறைக்குப் போய்த் திரும்பும் ஒருவரின் பையில் நான்கு நூல்களுக்கு இடமில்லையென்றால் நான் நம்பமாட்டேன்.

எஞ்சிய பிரதி விற்காவிட்டால் லண்டன் பதிப்பகம் மூடப்படாது. எமது நூலின் 300 பிரதிகள் விற்காவிட்டால் அந்த எழுத்தாளர் அடுத்த நூலைப் போடமாட்டார். அவரது கையெழுத்துப் பிரதி அலுமாரிக்குள்ளேயே கிடந்து, அவர் மௌத்தான பின் கறையானுக்குப் போகும். அப்படிப் போனவை எம்மிடம் ஏராளம்.

மலிவு மண்டபத்துக்குப் போக வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நானும் போவேன். வெளியே வரும்போது பற்றுச்சீட்டைப் பார்த்து, மிச்சம் பிடித்த தொகையைக் கணக்கிடுங்கள். அதில் பத்திலொன்றை, பேரம் பேசாமல், எம்மவரின் ஒரு நூலுக்கு முழு விலையாகக் கொடுங்கள். இந்தச் சஞ்சிகையின் சந்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.