வழியில்லாதவர் கணக்கு

கம்ப்யூட்டர் விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு இப்போது சண்டையில்லை. நாவல் வந்தபோதும் அவர்கள் அதைத்தான் சொன்னார்கள், சினிமா வந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். என் சண்டை, விளையாட்டைப் புகழ்கிற கனவான்களோடு.

ஓப்பன் டிடிடி என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டரில்கூடக் காசு செலவில்லாமல் ஆடலாம். கடன் வாங்கிய முதலோடு ஒரு போக்குவரத்துக் கம்பெனி தொடங்க வேண்டும். சாலை போட்டு, தண்டவாளம் போட்டு, பஸ்ஸும் ரயிலும் வாங்கி ஓட்டி லாபம் காட்ட வேண்டும். ஊர் நிர்வாகம் முகம் சுளித்தால் மரம் நட்டுச் சமாதானம் செய்யலாம். அதற்கும் மசியாவிட்டால் லஞ்சம் கொடுக்க ஒரு பொத்தான்கூட உண்டு. உலக ஞானம் உள்ள விளையாட்டுத்தான்! “வில்லியனூர்ப் பையன்களும் பாகூர்ப் பெண்களும் இதை ஆடட்டும், வியாபாரம் கற்றுக்கொள்ளட்டும்” என்கிறார்கள் கனவான்கள். கற்றுக்கொள்வார்கள், சந்தேகமில்லை. எதைக் கற்றுக்கொள்வார்கள் என்பதல்லவா கேள்வி?

இந்த விளையாட்டில் பிரயாணிக்கு ஊர் கிடையாது. நிறுத்தத்தில் நிற்கிறான்; எந்த பஸ் வந்தாலும் ஏறுகிறான்; அது எங்கே இறக்கிவிட்டாலும் சந்தோஷமாகப் பணம் கொடுக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவனைச் சந்தையில் இறக்கினாலும் ஒரு வார்த்தை பேச மாட்டான். எங்கே போகிறான் என்று தெரியாத ஒரு பாத்திரத்தை வைத்து நான் ஓர் அத்தியாயம்கூட எழுத முடியாது; இங்கே ஒரு தேசத்தையே நடத்துகிறார்கள்! வருமானமோ, ஏறின இடத்துக்கும் இறங்கின இடத்துக்கும் உள்ள தூரத்தையும், போய்ச் சேர்ந்த வேகத்தையும், ஏறின தலைகளையும் பொறுத்தது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளை என்ன செய்யும்? தூரத்திலுள்ள இரண்டு பெரிய ஊர்களைப் பிடித்து, அவற்றுக்கு நடுவே வண்டிக்குப் பின் வண்டியாக விடும். வழியிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூரை எட்டிப் பார்க்காது. பார்த்தால் நஷ்டம்.

இதைக் கற்றுக்கொள்ளப் பாகூர்ப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? கிருமாம்பாக்கத்தில் வந்து நின்றால் போதுமே. கடலூர்ச் சாலையில் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு போகின்றன பஸ்கள். உள்ளே சேலியமேட்டிலும் குருவிநத்தத்திலும் காத்திருக்கிறவனைக் கேளுங்கள். வில்லியனூருக்காவது விழுப்புரம் பாதையில் 1879-லேயே ரயில் வந்தது. பாகூருக்கு இன்றுவரை தண்டவாளம் இல்லை. போதாக்குறைக்கு எல்லைச் சனியன் வேறு. 1954-ல் பிரெஞ்சுக்காரன் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் விட்டுப் போன கோடுகள் போகவில்லை. நாலு கிராமம் தாண்டினால் தமிழ்நாடு, இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி புதுச்சேரி. ஆளுக்குக் கோடு தெரியாது, பஸ்ஸின் பெர்மிட்டுக்குத் தெரியும்.

“அந்தத் தடத்தில் ஜனமே ஏறுவதில்லை, வண்டி எப்படி விடுவது?” என்பது காலம் காலமாக நாம் கேட்டு வரும் பதில். எதை வைத்துச் சொல்லுகிறார்கள்? கிழித்த டிக்கெட்டை வைத்து. பஸ் இல்லாத இடத்தில் டிக்கெட் எப்படி ஐயா கிழியும்? ஏறினவனுக்குத்தான் கணக்கு, ஏற முடியாதவன் எந்த ஏட்டிலும் இல்லை. சாயங்கால வகுப்பு முடிந்தால் திரும்ப வழியில்லை என்று படிப்பை நிறுத்தின பெண் இல்லை. ஷேர் ஆட்டோவுக்குக் கூலியில் ஒரு பங்கைக் கொடுக்கிற சித்தாள் இல்லை. 2021-ல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். பஸ்களில் பெண்கள் கூட்டம் பெருகிற்று. அவர்கள் வானத்திலிருந்து குதித்தார்களா? அதற்கு முன்பும் போக வேண்டியிருந்தவர்கள்தான். கணக்கில் இல்லாதிருந்தார்கள், அவ்வளவே.

இதே ஜாதியில் சிமுட்ரான்ஸ் என்று இன்னொரு விளையாட்டு உண்டு. 1997-ல் மால்ட்ஹானர் என்பவர் தொடங்கியது. அதுவும் லினக்ஸில் இலவசம். அதில் ஒவ்வொரு பிரயாணிக்கும் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே போக வண்டி இல்லையென்றால், ‘வழியில்லை’ என்ற கட்டத்தில் அவன் தலை எண்ணப்படுகிறது. நிறுத்தத்தைத் தொட்டால் எண் வந்து நிற்கும். இத்தனை பேர் ஏறினார்கள், இத்தனை பேர் சலித்துப் போனார்கள், இத்தனை பேருக்கு வழியில்லை. ஒரு விளையாட்டுப் பொம்மைக்குக் கிடைத்த மரியாதை இது!

ஓப்பன் டிடிடியையும் நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. அதன் மூதாதை, கிறிஸ் சாயர் எழுதி 1994-ல் வெளிவந்த ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’. அது பூட்டின பெட்டி. லுட்விக் ஸ்ட்ரீகியஸ் என்பவர் அந்தப் பூட்டுக்குள் புகுந்து, இயந்திர மொழியைப் பிரித்துப் படித்துத் திரும்ப எழுதி, 2004-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டார். திறந்ததனால்தான், பிரயாணிக்கு ஊர் இல்லையே என்று உறுத்தினவர்கள் சும்மா முணுமுணுத்துக்கொண்டிருக்கவில்லை; உட்கார்ந்து எழுதினார்கள். போகுமிடம் குறித்து ஆளைப் பகிர்கிற ஏற்பாடு 2014-ல் அதற்குள்ளேயே சேர்ந்துவிட்டது. வேண்டுமென்றால் முடுக்கிக்கொள்ளலாம். கனவான்கள் சொல்லிக்கொடுக்க மறந்தது இந்தப் பாடத்தைத்தான். லாபம் எது, நஷ்டம் எது என்று வகுத்த விதியை ஒரு மனிதன்தான் எழுதினான். இன்னொரு மனிதன் அதை அழித்து எழுதலாம்.

பல்லவ நிருபதுங்கன் காலத்தில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களை விட்டுக் கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் படிக்க முடிகிறது. நான் செம்பு கேட்கவில்லை. எந்தத் தடத்துக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்தக் கணக்கின்படி அந்த நடை நிறுத்தப்பட்டது என்பதைக் கொம்யூன் பஞ்சாயத்துச் சுவரில் ஒரு காகிதத்தில் ஒட்டச் சொல்லுகிறேன். அதில் ‘வழியில்லை’ என்று ஒரு கட்டமும் இருக்க வேண்டும்.

அந்தக் கட்டத்தை நிரப்ப ஆள் ஏது, சம்பளம் ஏது என்பார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் போதும். விளையாட்டில் கைபழகின பிள்ளைகளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வாரம், காலை ஆறு மணியிலிருந்து கடைசி பஸ் போன பிறகு ஒரு மணி நேரம் வரைக்கும், முறைவைத்து நிறுத்தத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காரட்டும். நிற்கிறவர்களைப் பார்த்து, “எங்கே போகணும்ணே? எங்கே போகணும்க்கா?” என்று கேட்டு எழுதட்டும்.