மழையில் சைக்கிளுக்கு ஷூ எதற்கு?

குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டக் காலில் என்ன போடுவது என்று கேட்டால், ஊட்டிக்கு ஒரு பதில், சென்னை ஈக்காட்டுத்தாங்கலுக்கு வேறு பதில். ஊட்டியின் ஜனவரி விடியல் சில நாள் உறைநிலையைத் தொட்டுவிடும். அங்கே கம்பளிக் காலுறையும் விரல் அசைய இடமுள்ள ஷூவும் வேண்டும். சென்னையிலோ அம்மாதச் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையே 21 டிகிரியை ஒட்டித்தான். இங்கே காலைப் படுத்துவது ஈரம். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அடையாற்றை ஒட்டிய ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு சைக்கிள் மிதிப்பவருக்கு அந்த மூன்று மாதமும் ஏற்றது பின்வார் வைத்த ரப்பர் சாண்டல்தான்.

ஷூவுக்குள் புகுந்த தண்ணீர் எளிதில் வெளியேறாது. உள்ளே இருக்கும் துணியும் பஞ்சும் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஈரக்காற்றில் மறுநாள் காலைவரை காயாது. அதையே தினமும் மாட்டினால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த ஷூவுக்குள் கால் கதகதப்பாக இருக்கவும் வழியில்லை. அப்படியானால் ஹவாய் செருப்பு போதாதா? அதன் மெல்லிய அடி பெடலில் வளையும். நனைந்தால் பாதம் வழுக்கும். சிக்னலில் சட்டென்று கால் ஊன்றும்போது கழன்றும் போகும். சாண்டலின் கெட்டி அடி மிதிக்கும் விசையைத் தாங்கும், வார் குதிகாலைப் பிடித்துக்கொள்ளும், புகுந்த நீரும் வடிந்துவிடும்.

தேங்கிய நீரில் திறந்த காலோடு போனால் எலிக்காய்ச்சல் வராதா என்பது நியாயமான கேள்வி. அந்தக் கிருமி தோலின் காயம் வழியே நுழையும். ஆனால் சாதாரண ஷூவும் அந்த நீரைத் தடுப்பதில்லை. ஈரத்தில் உரசி அதுவே தோலைப் புண்ணாக்கவும் செய்யும். பள்ளம் தெரியாத வெள்ளத்தில் எதை அணிந்தும் சைக்கிள் ஓட்டக் கூடாது. காலில் புண் உள்ளவர்களும், உணர்வு குறைந்த நீரிழிவு நோயாளிகளும் தேங்கிய நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. விரல் இடிபடும் என்று அஞ்சுவோருக்கு முன்பக்கம் மூடிய சாண்டல்கள் கிடைக்கின்றன. பட்டறைக்குப் பாதுகாப்பு ஷூ கட்டாயம்தான். அதை அங்கேயே உலர்வாக வைத்துவிட்டுப் போய் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் மாற்றிக்கொள்ள ஓர் அலமாரி வேண்டும், அதைப் பட்டறை நிர்வாகம்தான் தர வேண்டும். பள்ளிகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு இலவச சைக்கிள் தருகிறது. அந்தப் பிள்ளைகள் மழையிலும் கறுப்பு ஷூவோடுதான் வர வேண்டும் என்று எந்தப் பள்ளியும் வற்புறுத்தக் கூடாது. ஐரோப்பியக் குளிருக்கு ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் இருக்கும் மாநிலம் இது. நம் மழைக்கேற்ற மலிவான, உறுதியான சாண்டலைச் செய்யும் திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. கேட்டு வாங்குவோர் பெருகினால் அதுவும் சந்தைக்கு வரும்.