காற்றலை நம்மளுது, கல்லாப்பெட்டி யாருது?

கிரிக்கெட் வாரியம் கோடி கோடியா சம்பாதிக்குதேன்னு புலம்புற கோஷ்டி நான் இல்லை மக்களே. ஆட்டக்காரர் சம்பளம், அம்பயர் சம்பளம், ரஞ்சிப் போட்டிச் செலவு எல்லாம் அந்தக் காசுலதான் ஓடுது. என் கேள்வி வேற. அந்த வியாபாரத்துல பார்க்கிறவனுக்குன்னு ஒரு உரிமை இருந்துச்சே, அது எங்கே போச்சு?

கொஞ்சம் பழைய கதை. 1993ல ஹீரோ கோப்பை. பெங்கால் கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுக்க, தூர்தர்ஷன் மல்லுக்கு நின்னுச்சு. உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பு சொன்னது: காற்றலை பொதுச்சொத்து, அதில் அரசுக்கு ஏகபோகம் கிடையாது. பார்வையாளனின் உரிமையையும் பேசிய தீர்ப்பு அது. வாரியத்துக்குக் கதவு திறந்தது அங்கதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். 2023-27 ஐபிஎல் உரிமை 2022 ஜூனில் 48,390 கோடிக்கு ஏலம் போச்சு. மொத்தம் 410 மேட்ச், ஒரு மேட்சுக்கு 118 கோடி. 240 பந்தும் வீசினா பந்துக்கு சுமார் 49 லட்சம். நோபால்னா ஃப்ரீ :-)

இந்திய டிவி உரிமை ஸ்டாருக்கு, டிஜிட்டல் வயாகாம்18க்கு. ரெண்டு பேருக்கும் போட்டி இருந்ததால 2023ல ஜியோசினிமா மொபைல்ல இலவசமா காட்டுச்சு. 2024 நவம்பரில் ரெண்டும் ஒரே குடைக்குள்ள வந்தாச்சு. 2025ல ஜியோஹாட்ஸ்டார்ல முழு மேட்ச் பார்க்கணும்னா சந்தா, இல்லேன்னா அதுக்கான ரீசார்ஜ். ஏகபோகம் ஒழியலை, முதலாளிதான் மாறியிருக்கார்.

2007ல ஒரு சட்டம் வந்துச்சு. இந்திய அணியின் முக்கிய மேட்சுகளோட சிக்னலை தூர்தர்ஷனுக்கும் கொடுக்கணும். ஆனா அந்த சிக்னல் தூர்தர்ஷனோட சொந்த ஒளிபரப்புலயும் ஃப்ரீ டிஷ்லயும் மட்டும்தான் வரலாம், தனியார் கேபிள்ல வரக்கூடாதுன்னு 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. காசு கொட்டி வாங்கினவன் பக்கம் நியாயம் இருக்கு, மறுக்கலை. ஆனா கேபிள் இழுத்த வீட்டுக்கு அந்தச் சட்டத்தால என்ன பிரயோஜனம்?

எங்க பரளச்சிப் பக்கம் மானாவாரி பூமி. கம்மா வத்தினா அதுதான் கிரவுண்டு. கருவேலங் கம்பு ஸ்டம்பு, டென்னிஸ் பந்து. இப்படி டென்னிஸ் பந்துல ஆடின சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2020ல இந்திய அணிக்கே போனார். அடுத்த நடராஜன் எந்தக் கம்மாய்ல இருக்கானோ, அவன் மேட்சைப் பார்த்துத்தானே கத்துக்கணும்? மாசாமாசம் ரீசார்ஜுக்கு அப்பாகிட்ட கை நீட்டுற பையன் எத்தனை மேட்ச் பார்ப்பான்?

இங்கிலாந்துல 2005 ஆஷஸ் தொடர் இலவச சேனல்ல வந்துச்சு. அடுத்த வருஷமே எல்லாம் கட்டண சேனல் ஸ்கைக்குப் போயிடுச்சு. அந்த ஸ்கையே 2019 உலகக்கோப்பை இறுதிப் போட்டியை இலவச சேனலுக்கும் விட்டுக் கொடுத்தது. வியாபாரிக்கே தெரியுது, வேர்ல தண்ணி ஊத்தணும்னு.

நம்ம வாரியம் லாபக் கம்பெனி இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல பதிவான ஒரு சங்கம். அடுத்த ஏலம் வரும்போது ஒப்பந்தத்துல ரெண்டே வரி சேர்க்கட்டும்: இந்திய அணியின் ஒருநாள், டி20 மேட்சும் ஐபிஎல் இறுதிப் போட்டியும் தூர்தர்ஷன்ல வரணும், அது கேபிள்லயும் தெரியணும். ஏலத்தொகை கொஞ்சம் குறையும். குறையட்டுமே!

நீங்க என்ன சொல்றீங்க?

டிஸ்கி: நான் சந்தா கட்டித்தான் பார்க்குறேன். என் சம்பளத்துக்கு அது பெருசில்லை. இது எனக்காகக் கேட்டது இல்லை.