அக்டோபர் மாசத்துக் கடன்சீட்டு

கல்லூரி கூடைப்பந்து பார்க்கிறவங்ககிட்ட மார்கஸ் ஸ்மார்ட்டோட இரண்டாவது வருஷத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க. "அதுவா, பெரிய ஏமாற்றம்ப்பா" என்பாங்க. ஏன்னு கேட்டா உடனே அந்தத் தள்ளுன கதை வரும். அப்புறம், "2013லயே என்.பி.ஏ.வுக்குப் போயிருக்கணும், திரும்பி வந்து பேரைக் கெடுத்துக்கிட்டார்" என்கிற தீர்ப்பும் வரும். அவர் 2022ல என்.பி.ஏ.வோட சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையே வாங்கிட்டார். 1996ல கேரி பேட்டனுக்குப் பிறகு ஒரு கார்டுக்கு அந்த விருது கிடைச்சது அப்பத்தான். ஆனாலும் இந்தத் தீர்ப்பு மட்டும் அசையவே இல்லை.

என்னோட கட்சி இதுதான்: ஸ்மார்ட்டோட இரண்டாவது வருஷம் தோல்வி இல்லை. தோத்தது சீசன் தொடங்கும் முன்னாடி மத்தவங்க எழுதின கணக்கு. அந்தக் கணக்கை எழுதினவங்க யாரும் ஒரு பைசா கட்டலை. மொத்தத்தையும் 19 வயசுப் பையன் தலையில கட்டிட்டாங்க.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. டெக்சாஸ்ல டாலஸ் பக்கத்து லங்காஸ்டர்ல வளர்ந்தவர் ஸ்மார்ட். 2012ல ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பாயிண்ட் கார்டா சேர்ந்தார். பாயிண்ட் கார்டுன்னா பந்தை மேலே கொண்டு வர்றவர். யாருக்கு எப்ப பந்து போகணும், ஆட்டம் வேகமா போகணுமா மெதுவா போகணுமான்னு களத்துல முடிவு பண்றவர். முதல் வருஷமே சராசரி 15.4 புள்ளி, 5.8 ரீபவுண்ட், 4.2 அசிஸ்ட், 3 ஸ்டீல். பிக் 12 லீக்ல வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது. அணிக்கு 24 வெற்றி, 9 தோல்வி. பிப்ரவரி 2013ல கேன்சஸை அவங்க ஊர்லயே 85-80ன்னு ஜெயிச்சுட்டு, அவங்க தரையிலயே ஒரு பல்டி அடிச்சார் பாருங்க... அந்த ஊர் ரசிகர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டாங்க.

அந்த வருஷ டிராஃப்ட்டுக்குப் போயிருந்தா முதல் சில இடங்களுக்குள்ள எடுத்திருப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஏப்ரல்ல, இன்னொரு வருஷம் கல்லூரியிலயே ஆடறேன்னு அறிவிச்சார். அங்க ஆரம்பிச்சது வினை.

அக்டோபர் 2013. அசோசியேட்டட் பிரஸ் தரவரிசையில ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு 8வது இடம். பிக் 12 பயிற்சியாளர்கள் வாக்கெடுப்புல, வருஷா வருஷம் பட்டம் வாங்கிக்கிட்டிருந்த கேன்சஸோட சமமா முதலிடம். ஸ்மார்ட்டுக்கு சீசன் தொடங்கும் முன்னாடியே லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் பட்டம். சீசனுக்கு முந்தைய அகில அமெரிக்க அணியிலும் இடம். இன்னும் ஒரு பந்து கூட வளையத்துக்குள்ள விழலை, அதுக்குள்ள இவ்வளவும்!

நவம்பர் 19ல மெம்ஃபிஸுக்கு எதிரா 39 புள்ளி எடுத்து 101-80ன்னு ஜெயிச்சு வச்சார். போச்சு. எதிர்பார்ப்பு இன்னும் நாலு மாடி ஏறிடுச்சு.

கடைசியில என்ன ஆச்சு? அணி 21 வெற்றி, 13 தோல்வி. லீக் ஆட்டங்கள்ல மட்டும் 8-10. தேசியப் போட்டியில முதல் ஆட்டத்துலயே கொன்சாகாகிட்ட 85-77ன்னு தோல்வி. "பாத்தியா, ஏமாத்திட்டான்!"

இங்கதான் நான் சண்டைக்கு வரேன். அந்த இரண்டாவது வருஷத்துல ஸ்மார்ட்டோட சராசரி என்ன தெரியுமா? 18 புள்ளி, 5.9 ரீபவுண்ட், 4.8 அசிஸ்ட், 2.9 ஸ்டீல். முதல் வருஷத்தோட வச்சுப் பாருங்க. புள்ளி ஏறியிருக்கு. அசிஸ்ட் ஏறியிருக்கு. ரீபவுண்டும் ஸ்டீலும் அப்படியே நிக்குது. ஏமாத்தினதா சொல்ற அந்தக் கொன்சாகா ஆட்டத்துல மட்டும் 23 புள்ளி, 13 ரீபவுண்ட், 7 அசிஸ்ட், 6 ஸ்டீல். ஒருத்தர் போன வருஷத்தை விட நல்லா ஆடியிருக்கார், ஆனா ஊரே சேர்ந்து கீழே போயிட்டார்னு சொல்லுது. அப்ப கோளாறு ஆளுகிட்டயா, அளவுகோல்லயா?

அணி ஏன் சரிஞ்சதுங்கிறதுக்கும் பதில் இருக்கு, தேட மனசு வேணும், அவ்வளவுதான். டிசம்பர் கடைசியில மைக்கேல் காபின்ஸுக்குக் குதிகால் நரம்பு அறுந்து சீசனே முடிஞ்சு போச்சு. உள்ளே நின்னு வளையத்தைக் காக்கிற பெரிய ஆள் அவர்தான். அதுக்குப் பிறகு ஓக்லஹோமா ஸ்டேட் ஒவ்வொரு ராத்திரியும் தன்னை விட உயரமான அணிகளோட மல்லுக்கட்ட வேண்டியதாச்சு. பிப்ரவரியில மாற்று பாயிண்ட் கார்டையும் அணியை விட்டு நீக்கிட்டாங்க. எந்த லீக்ல இது? மொத்தம் 10 அணி, அதுல 7 அணி அந்த வருஷம் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்ற லீக்ல. பிப்ரவரி 3ல அயோவா ஸ்டேட்டோட மூணு கூடுதல் நேரம் ஆடி ஒரே ஒரு புள்ளியில தோத்தாங்க. அந்தப் பக்கம் ஒரு பந்து உருண்டிருந்தா கதையே வேற.

அக்டோபர்ல பட்டியல் போட்டவங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க முடியாது, சரிதான். ஆனா தெரிஞ்ச பிறகு என்ன பண்ணாங்க? கணக்கைத் திருத்தினாங்களா? தரவரிசை எண்ணை மட்டும் வாராவாரம் மாத்தினாங்க. ஸ்மார்ட் மேல வச்ச தொகையை மாத்தவே இல்லை.

இப்ப அந்தத் தள்ளுன விஷயம். அதை விட்டுட்டு ஓடினா நான் பேசினதெல்லாம் வீண்.

பிப்ரவரி 8, 2014. லபக்ல டெக்சாஸ் டெக் அணியோட ஆட்டம். முடிய சில நொடிதான் பாக்கி. ஒரு ஷாட்டைத் தடுக்க ஓடின ஸ்மார்ட் வேகத்துல பார்வையாளர் பக்கம் போய் விழறார். எழுந்திருக்கும்போது ஒரு ரசிகர் ஏதோ சொல்றார். ஸ்மார்ட் திரும்பி அவரை ரெண்டு கையால தள்றார். மூணு ஆட்டத்துக்குத் தடை.

தள்ளினது தப்பு. இதுல வழவழா கொழகொழா எல்லாம் வேண்டாம். பார்வையாளர் மேல ஆட்டக்காரர் கை வைக்கக் கூடாது. தடை சரி. அவரும் பகிரங்கமா மன்னிப்புக் கேட்டார். அந்த ரசிகர் தான் திட்டினதை ஒத்துக்கிட்டார், அந்த சீசன்ல மிச்ச ஆட்டங்களுக்கு வரலைன்னும் சொல்லிட்டார். அத்தோட அந்த வழக்கு முடிஞ்சது.

ஆனா நம்ம ஆளுங்க அதை அங்க விடலை. "அந்தத் தள்ளலாலதான் சீசன் நாசமாச்சு"ன்னு ஒரு கதை கட்டிட்டாங்க. கொஞ்சம் எண்ணிப் பாருங்கப்பா. அந்த அணி தொடர்ந்து 7 ஆட்டம் தோத்தது. அதுல முதல் 3 தோல்வி லபக் போறதுக்கு முன்னாடியே வந்தாச்சு. நாலாவது லபக். கடைசி மூணும் ஸ்மார்ட் தடையில வெளியே உட்கார்ந்திருந்தப்ப. அந்த ஏழுல ஒண்ணு கூட "தள்ளிட்டு வந்து மோசமா ஆடினார்" கணக்குல வராது. தடை முடிஞ்சு வந்த முதல் ஆட்டம் அதே டெக்சாஸ் டெக்கோட. ஜெயிச்சாங்க. மார்ச் 1ல கேன்சஸை 72-65ன்னு சாய்ச்சாங்க. அவர் இல்லாத மூணு ஆட்டமும் தோல்வி, வந்ததும் வெற்றி. இதை வச்சு "அவர்தான் கெடுத்தார்"னு எப்படிய்யா முடிவுக்கு வர்றீங்க?

இன்னும் ஒரு வாதம் வரும். "திரும்பி வந்தது அவர் முடிவுதானே? புகழ் வேணும், எதிர்பார்ப்பு மட்டும் வேண்டாமா?" கேட்க நியாயமாத்தான் இருக்கு. புகழோட சேர்ந்து எதிர்பார்ப்பும் வரும், அதை மறுக்கலை. யாரும் எதிர்பார்க்காத ஆட்டக்காரரை யாரும் பார்க்கப் போறதும் இல்லை. ஆனா 2013ல அந்தப் புகழ்ல யார் சாப்பிட்டாங்கன்னு பாருங்க. தேசியப் போட்டி ஒளிபரப்புக்காக சி.பி.எஸ்.சும் டர்னரும் 2010ல என்.சி.ஏ.ஏ.வோட போட்ட ஒப்பந்தம் 14 வருஷத்துக்கு 1,080 கோடி டாலர். ஸ்மார்ட்டுக்குக் கிடைச்சது படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு. தன் பேரை வச்சு ஒரு விளம்பரத்துல நடிக்கக் கூட விதி விடலை. அது மாறினது ஜூலை 2021ல தான். பல்கலைக்கழகங்களே நேரடியா ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம்னு ஆனது 2025ல. எதிர்பார்ப்பை வித்துக் காசாக்கினது ஒருத்தர், அதுக்கு வட்டி கட்டினது இன்னொருத்தர்.

"இப்பத்தான் காசு தர்றாங்களே, இனிமே எதிர்பார்க்கலாம்ல?"ன்னு யாராவது கேட்கலாம். கொடுக்கிற காசு ஆடற ஆட்டத்துக்கு. அடுத்தவன் போட்ட ஆருடம் பலிக்கணும்ங்கிறதுக்கு இல்லை. சோசியர் சொன்ன மாதிரி மழை பெய்யலைன்னா மேகத்தையா திட்டுவோம்?

ஆருடம் சொன்னவங்க நிலைமையையும் பார்த்துடுவோம். 2022-23 சீசனுக்கு வட கரோலினாவுக்கு முதலிடம் குடுத்தாங்க. 68 அணிகள் ஆடற தேசியப் போட்டிக்கு அந்த அணி தேர்வே ஆகலை. 1985ல போட்டி 64 அணியா விரிஞ்ச பிறகு, சீசனுக்கு முன் முதலிடத்துல இருந்த அணி உள்ளேயே வராம போனது அதுதான் முதல் தடவை. யார் தலை உருண்டது? கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ் ரெண்டு கார்டுகளோட தலையும்தான். வாக்குப் போட்ட நிருபர்கள் அடுத்த அக்டோபர்ல கை கழுவிட்டு மறுபடி பட்டியல் போட உட்கார்ந்தாங்க. இத்தனைக்கும் அந்தத் தரவரிசை தேசியப் போட்டித் தேர்வைத் தீர்மானிக்கிறது கூட இல்லை, அதுக்குத் தனிக் குழு இருக்கு.

இதுல பாயிண்ட் கார்டு மேல மட்டும் ஏன் இவ்வளவு பாரம்? பந்து அவர் கையில இருக்கு, அதனால எல்லாமே அவர் கையில இருக்குன்னு நமக்கு ஒரு மயக்கம். அவர் நல்ல பாஸ் குடுத்து எதிர்ல நிக்கிறவர் ஷாட்டைத் தவறவிட்டா அசிஸ்ட் கணக்குல ஒண்ணும் ஏறாது. தடுப்புக்கு உயரமான ஆள் இல்லைன்னா அவர் என்ன குட்டிக்கரணம் அடிச்சாலும் ரீபவுண்ட் எதிரணிக்குத்தான். ஸ்மார்ட்கிட்ட குறையே இல்லைன்னு சொல்ல வரலை. ரெண்டு வருஷமும் அவரோட மூன்று புள்ளி ஷாட் 30 சதவீதத்தைத் தொடலை, ஆனாலும் அடிச்சுக்கிட்டே இருந்தார். அதைத் திட்டுங்க, நானும் கூட வந்து திட்டறேன். அது அவர் செஞ்சது. எட்டாவது இடம்ங்கிறது அவர் எழுதினது இல்லை.

அதனால நண்பர்களே, அடுத்த அக்டோபர்ல ஏதோ ஒரு 19 வயசுப் பையன், இல்ல பொண்ணு, படத்தை அட்டையில போட்டு "இந்த வருஷம் இவங்கதான்"னு முழங்குவாங்க. அப்ப மூணே கேள்வி கேளுங்க. போன வருஷத்தை விட இந்த ஆள் நல்லா ஆடறாரா? கூட ஆடறவங்க யாரு, அதுல யாருக்கு அடி? இந்தப் பட்டியல் தப்பாப் போனா போட்டவருக்கு என்ன நஷ்டம்? மூணாவது கேள்விக்குப் பதில் "ஒண்ணுமில்லை"ன்னு வந்தா, அந்தப் பட்டியலை மடிச்சு ஓரமா வச்சுட்டு ஆட்டத்தைப் பாருங்க.

ஜூன் 2014ல பாஸ்டன் செல்டிக்ஸ் ஸ்மார்ட்டை ஆறாவது இடத்துல எடுத்தது. 2013ல போயிருந்தா இன்னும் மேல போயிருப்பார்னு இப்பவும் கணக்குப் போட்டுக்கிட்டிருக்காங்க சிலர். போடட்டும். அந்த ஒன்பது சீசன் பாஸ்டன்ல தரையில விழுந்து விழுந்து பந்து பொறுக்கினதை அவங்களும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க.