அயல்நாட்டு மதுவும் உள்நாட்டு வரியும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே பயணிக்கும் ஒருவர், சொந்தப் பாவனைக்கென 110 லீற்றர் பியரையும் 90 லீற்றர் வைனையும் 10 லீற்றர் கடும் மதுவையும் கேள்வியின்றி எடுத்துச் செல்லலாம். இது யாருடைய தாகத்துக்கான அளவு என்று தெரியவில்லை.

2004 மே மாதம் எஸ்தோனியா ஒன்றியத்தில் இணையவிருந்தது. தாலினிலிருந்து கப்பலில் மலிவு மது வந்து குவியுமென அஞ்சிய அயல்நாடான பின்லாந்து, மார்ச் மாதத்திலேயே தனது மதுவரியைச் சராசரியாக மூன்றிலொரு பங்கு குறைத்தது. மதுவினாலான மரணங்கள் பெருகின. 2008 இல் வரி மீண்டும் உயர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இழந்த உயிர்களுக்கு எந்தத் திறைசேரியிலும் கணக்கில்லை.

பின்னர் எஸ்தோனியா வரியை உயர்த்தவே, அதன் மக்கள் லத்வியாவின் எல்லைக் கடைகளுக்குப் படையெடுத்தனர். 2019 ஜூலையில் எஸ்தோனியா 25 வீதம் குறைத்தது. மறுமாதமே லத்வியாவும் குறைத்தது. இவ்வளவுகளைத் தனியொரு நாடு குறைக்க ஒன்றியச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆகவே, பிரசல்ஸே அவற்றைக் குறைக்க வேண்டுமென நாம் கருதுகின்றோம்.